பெரிய நிக்கோபார்: காட்டை வெட்டுமுன் மண்ணைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய நிக்கோபார் தீவில் அமையவிருக்கும் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் ஆகியவற்றைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளையும், அவற்றுக்கு வாசகர்கள் எழுதும் மறுமொழிகளையும் தொடர்ந்து படித்து வருகிறேன். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற இத்திட்டத்துக்கு 166 சதுர கிலோமீட்டர் நிலம் வேண்டும் என்பதும், அதில் 130 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு காடு என்பதும் இப்போது பலரும் அறிந்த செய்திகள். கலத்தியா விரிகுடாவில் முட்டையிட வரும் ஏழுவரி ஆமைகளைப் பற்றியும், வெட்டப்படவிருக்கும் மரங்களின் எண்ணிக்கையைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அந்த மரங்களின் வேருக்கடியில் கிடக்கும் மண்ணைப் பற்றி ஒரு வரியும் என் கண்ணில் படவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் நான் நுழையவில்லை. மரம் வெட்டும் வேலை ஓர் இடத்தில் தொடங்குவதற்கு முன் அந்த இடத்தைத் தொல்லியலாளர்கள் நடந்து பார்த்து, குழி போட்டுச் சலித்து, முறையான கள ஆய்வு செய்திருக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டுமே கேட்கிறேன்.

நான் தொல்லியல் படித்தவன் அல்லன். தெற்கு அந்தமானில் பல ஆண்டுகள் நில அளவைப் பணியில் இருந்தவன். சங்கிலியும் காம்பஸும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போவதே எனக்குப் பிழைப்பாக இருந்தது. 1989 பிப்ரவரியில், தாய்நிலத்திலிருந்து வந்திருந்த இரண்டு ஆய்வாளர்களுக்கு வழிகாட்டவும் அளந்து கொடுக்கவும் என்னை அனுப்பினார்கள். அந்தப் பன்னிரண்டு நாட்களில் நான் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

இத்தகைய பெருந்திட்டங்களின் அறிக்கைகளில் வழக்கமாக ஒரு வாக்கியம் இடம்பெறும்: திட்டப் பகுதியில் அறிவிக்கப்பட்ட நினைவுச்சின்னம் எதுவும் இல்லை. இந்த வாக்கியம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம், அரசிதழில் பெயர் வந்த இடங்களையே காக்கிறது. பின்னால் வந்த திருத்தத்தில் கட்டுமானத்துக்கு 100 மீட்டர் தடை, 200 மீட்டர் கட்டுப்பாடு என்று வகுத்ததெல்லாம் அப்படிப் பெயர் வந்த இடங்களின் சுற்றுப்புறத்துக்குத்தான். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோடு இணைந்த படிவமும், சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இடங்கள் அருகில் உண்டா என்று கேட்கிறது. யாரும் கால் வைத்துப் பார்க்காத காட்டில் பாதுகாக்கப்பட்ட இடம் எப்படி இருக்கும்? கேள்வியே அப்படி அமைந்துவிட்டதால், 'இல்லை' என்று நேர்மையாகப் பதில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. சாப்பிட்டு எறிந்த சிப்பி ஓட்டுக்கு எந்த ஆட்சியரும் பத்து ரூபாய் விலை வைக்க மாட்டார். ஆனால் அந்தமான் தீவுகளின் பழைய வரலாற்றில் நமக்குக் கிடைத்திருப்பதில் பெரும்பகுதி சாப்பிட்டு எறிந்த சிப்பி ஓடுகளிலிருந்து கிடைத்ததுதான்.

கள ஆய்வு என்றதும் தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கீழடி நினைவுக்கு வரும். அங்கே குழி தோண்டுவதற்கு முன்பே, 2013–14இல் வைகைக் கரை நெடுக நடந்து 293 இடங்களில் பழைய குடியிருப்பின் தடயங்களைக் குறித்தார்கள். அவற்றிலிருந்துதான் கீழடித் தென்னந்தோப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது. வைகைக் கரை உழுத நிலம். கலப்பை ஒவ்வோர் ஆண்டும் அடிமண்ணைப் புரட்டி மேலே போடுகிறது. கறுப்பு சிவப்புப் பானையோடு வரப்பிலேயே கிடக்கும். கிணறு வெட்டியபோது என்ன கிடைத்தது என்று சொல்ல ஊரில் ஒரு பெரியவர் இருப்பார். வெப்பமண்டலத் தீவின் காட்டில் இவற்றில் எதுவும் கிடையாது. தரையே கண்ணுக்குத் தெரியாது. ஒரு சாண் உயரத்துக்கு இலைச்சருகு, அதற்குக் கீழே வலைபோல் பின்னிய வேர், அதற்கும் கீழேதான் மண். பத்தடி தூரத்தில் ஆள் உயர மேடு இருந்தாலும் பிரம்புப் புதர் மறைத்துவிடும். அதனால், ஜீப்பில் போய் இறங்கிச் சாலையோரம் நின்று பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவதை வைகைக் கரையிலாவது ஓரளவு மன்னிக்கலாம். காட்டில் அதற்குப் பெயர் ஆய்வே இல்லை.

நாங்கள் போனபோது கையில் ஜி.பி.எஸ். கருவி கிடையாது. இன்று இருக்கிறது என்றாலும், அடர்ந்த மரக்கவிகைக்குக் கீழே கைக்கருவி பல மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால் காம்பஸையும் நாடாவையும் இன்றைக்கும் வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது. ஓடையின் முகத்தில் ஓர் அடிக்கோடு போட்டு, அதிலிருந்து இருபது மீட்டருக்கு ஒருவராக நின்று, ஒரே திசைக்கோணத்தில் உள்ளே நடந்தோம். எனக்கு முன்னால் வெட்டுக்கத்தியோடு வழி திறந்துகொண்டு போனவர், அங்கே ராஞ்சிக்காரர்கள் என்று அழைக்கப்படும் சோட்டாநாக்பூர்த் தொழிலாளர்களில் ஒருவர். இரண்டு நாள் ஒன்றும் அகப்படவில்லை. அட்டைக்கடியும் உண்ணிக்கடியும்தான் மிச்சம்.

மூன்றாம் நாள் காலையில் ஆய்வாளர்களில் ஒருவர் எங்களுக்கு ஒன்று சொன்னார்: தரையைப் பார்க்காதீர்கள், சாய்ந்த மரத்தின் வேர்க்கட்டையையும் நண்டு வளையின் வாயையும் பாருங்கள், நமக்குக் கூலியில்லாமல் குழி தோண்டிக் கொடுக்கும் ஆட்கள் அவைதான். புயலில் வேரோடு சாயும் படாக் மரம் ஒரு சிறிய அறையளவு மண்ணைத் தூக்கி நிறுத்திவிடும். அடியில் கிடந்ததெல்லாம் வேரில் சிக்கிக் கண்ணெதிரே தொங்கும். நண்டு தன் வளையிலிருந்து உருட்டித் தள்ளும் மண்ணும் அப்படித்தான். அன்று மதியம் அந்தத் தொழிலாளிதான் கூப்பிட்டார். ஒரு நண்டு வளையின் வாயில் சேற்று நிறத்துக்கு நடுவே சுண்ணாம்புத் தூளைப் போல வெள்ளையாக ஏதோ கிடந்தது. அவர் வெட்டுக்கத்தியின் முனையால் பக்கத்து மண்ணைக் குத்தினார். மண்ணில் குத்தும் மொத்தென்ற சத்தம் வரவில்லை. ஓட்டுச் சில்லைக் கிளறியது போலக் கரகரவென்றது. நாங்கள் நின்றிருந்த இடமே மேடு என்பது அப்புறம்தான் தெரிந்தது. அளந்து பார்த்தபோது இருபத்திரண்டு தப்படி அகலம். நடுவில் என் மார்பளவு உயரம்.

ஓடை அறுத்திருந்த பக்கத்தில் செடிகளை விலக்கியதும் உள்ளடுக்குகள் தெரிந்தன. வெள்ளைச் சிப்பி, அதன்மேல் சாம்பல், அதன்மேல் கரித்துண்டுகள் கலந்த கறுப்பு மண், மறுபடியும் சிப்பி. கடல் ஒதுக்கிய குவியலாக இருக்கக்கூடாதா என்று நான் கேட்டேன். அந்த ஆய்வாளர் கைநிறைய அள்ளி என் களப் புத்தகத்தின் மேல் பரப்பினார். கண்டல் சேற்றில் ஊரும் நீண்ட கூம்பு நத்தைகள். ஒவ்வொன்றின் கூர்நுனியும் ஏறத்தாழ ஒரே இடத்தில் தட்டி உடைக்கப்பட்டிருந்தது. நுனியை உடைத்தால்தான் வாய்ப்பக்கமிருந்து சதையை உறிஞ்ச முடியும். அலை அடித்துச் சேர்த்தால் பெரிதும் சிறிதுமாகத் தேய்ந்த ஓடுகள் கலந்திருக்கும். இங்கே எல்லாம் தின்னும் அளவில் பொறுக்கியெடுத்தவை, விளிம்பு மழுங்காதவை. அவற்றுக்கு நடுவே கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு பானையோடு. அதன் வெளிப்புறத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிய கோடுகள். அதை என் உள்ளங்கையில் வைத்தபோது, அந்தக் காட்டில் அளந்து திரிந்த அத்தனை நாளும் நான் எத்தனை மேடுகளின்மேல் முக்காலியை ஊன்றியிருப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது.

இந்தச் சிப்பி மேடுகள் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1870இலேயே அந்தமானின் சிப்பி மேடுகளைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். 1950களின் தொடக்கத்தில் இத்தாலிய மானிடவியலாளர் லிதியோ சிப்ரியானி சின்ன அந்தமானில் மேடுகளைத் தோண்டினார். 1980களில் ஜரின் கூப்பர் தீவு தீவாகச் சென்று மேடுகளைத் தேடிப் பதிவு செய்து, தெற்கு அந்தமானில் சௌல்தாரி என்ற இடத்தில் அகழ்ந்தார். அங்கே கிடைத்த கரிமக் காலக் கணிப்பு இன்றைக்குச் சுமார் 2,200 முதல் 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அந்தமான் பழங்குடிகள் மற்ற மக்கள் கூட்டங்களிலிருந்து பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவர்கள் என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். அந்த மக்கள் அத்தனை காலம் எங்கே இருந்தார்கள், எப்போது தீவுக்கு வந்தார்கள் என்பதற்கு மண்ணுக்குள்ளிருந்து இன்னும் விடை வரவில்லை. ஒரு பகுதி விடை கடலுக்கடியில் இருக்கக்கூடும்: சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது, அன்றைய கரையோரக் குடியிருப்புகள் மூழ்கிப்போயின. மறு பகுதி காட்டுக்குள் இருக்கிறது. அங்கே இதுவரை நடந்து பார்த்த தூரம் மிகக் குறைவு.

சிப்பி மேட்டுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. மழை ஓயாத இத்தீவுகளின் மண் அமிலத்தன்மை உடையது. எலும்பை அது கொஞ்ச காலத்தில் கரைத்துவிடும். சிப்பியின் சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறிப்பதால், மேட்டுக்குள் விழுந்த பன்றி எலும்பும் மீன் முள்ளும் மட்டும் தப்பிக்கின்றன. தீவின் பழைய உணவு, வேட்டை, விலங்குகள் பற்றிய சான்று இருக்கக்கூடிய இடம் ஏறத்தாழ இது ஒன்றுதான். அதைப் புல்டோசரால் தள்ளிவிட்டால் பக்கத்தில் தேடிக்கொள்ள இன்னொரு பெட்டி இல்லை.

பெரிய நிக்கோபாரில் சிக்கல் இன்னும் கூடுதல். 2004 டிசம்பர் 26ஆம் தேதி நிலநடுக்கத்தில் அத்தீவின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி இன்றும் தண்ணீரில் நிற்கிறது. கரையோரத்தில் இருந்த ஊர்கள் அலையோடு போயின. அதாவது, கடற்கரையில் தேடினால் கிடைத்திருக்கக்கூடியவற்றில் கணிசமான பகுதி ஏற்கெனவே கடலிடம் போய்விட்டது. கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய பழைய மணல்திட்டுகள், ஆற்றுப் படுகைக்கு மேலுள்ள சமதளங்கள், ஓடை முகங்கள் ஆகியவைதான் இனி நம்பிக்கை வைக்கத்தக்க இடங்கள். மனிதன் சமதளத்தையும் நல்ல தண்ணீரையும் தேடித்தான் வீடு கட்டுகிறான். பொறியாளரும் அதையேதான் தேடுகிறார். பழைய ஊரும் புதிய நகரியமும் ஒரே நிலத்துக்குப் போட்டியிடுவதில் வியப்பில்லை.

அங்கே எதைத் தேடுவது என்பதையும் தெரிந்து போக வேண்டும். நிக்கோபார் தீவுக் கூட்டத்தில் பானை செய்யும் உரிமை மரபாகச் சௌரா என்ற சின்னஞ்சிறு தீவின் பெண்களுக்கே இருந்தது. களிமண் தெரசா தீவிலிருந்து வரும். வனைந்து சுட்ட பானைகள் தோணியேறி மற்றத் தீவுகளுக்குப் போகும். எனவே பெரிய நிக்கோபாரில் ஒரு பானையோடு கிடைத்தால், அது எந்தத் தீவின் களிமண் என்று பார்ப்பதே கடல்வழி உறவுகளின் வரலாற்றைத் தொடங்கி வைக்கும். பெரிய நிக்கோபாரின் உட்காட்டில் வாழும் பழங்குடிகளான ஷோம்பென் மக்களோ தாழை இனத்துப் பழத்தை மரப்பட்டைக் கலத்தில் வேகவைப்பவர்கள். மட்கிப்போகும் பொருளில் வாழ்ந்தவர்களின் தடத்தைப் பானையோட்டை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. கரி, சுட்ட கல், மண்ணின் நிறமாற்றம் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். காட்டு நடுவே காரணமில்லாமல் நிற்கும் தென்னந்தோப்பு ஒரு பழைய ஊரின் அடையாளமாக இருக்கலாம்; கரையோரப் பழங்குடிகளான நிக்கோபாரிகளைக் கேட்டால் அது எந்தக் குடும்பத்தின் தோப்பு என்றே சொல்லிவிடுவார்கள். நிக்கோபார் மெகாபோட் என்ற பறவை வேறொரு சங்கடம். மணலையும் சருகையும் பவழத் துண்டுகளையும் காலால் சீய்த்து ஆள் இடுப்பு உயரத்துக்கு மேடு கட்டி, அதற்குள் முட்டையைப் புதைத்து வைக்கும். அனுபவமில்லாதவர் அதைச் சிப்பி மேடென்று குத்திப் பார்த்துவிடக்கூடும். அருகிப்போன அந்தப் பறவையின் முட்டைகள் போய்விடும். பறவை அறிந்தவர் ஒருவர் இல்லாமல் தொல்லியல் குழு அந்தக் கடலோரக் காட்டில் கடப்பாரையைத் தூக்கக் கூடாது.

இந்த இடத்தில் தமிழர்களான நம்மிடமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பில் வென்ற ஊர்களின் வரிசையில் 'தேனக்க வார்பொழில் மாநக்கவாரம்' என்று நிக்கோபாரைச் சொல்கிறது. தேன் சிந்தும் நீண்ட சோலைகள் என்று அந்தக் கல்வெட்டே காட்டைத்தான் முதலில் பேசுகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, ஆய்வென்றால் சோழர் காசும் சோழர் கல்லும் தேடுவதுதான் என்று கிளம்பிவிடுவோமோ என்று எனக்கு அச்சம் உண்டு. அப்படிக் கிளம்புகிறவருக்குச் சிப்பியும் கரியும் குப்பையாகவே தோன்றும். தரங்கம்பாடியிலிருந்து சென்ற டேனியர்கள் 1756இல் அத்தீவுகளைத் தமது குடியேற்றமாக அறிவித்து, காய்ச்சலில் மாண்டு, விட்டுவிட்டுப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்து, 1868இல் தமது உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கலத்தியா விரிகுடாவுக்குப் பெயர் தந்த டேனியக் கப்பலும், 1845இல் தரங்கம்பாடியைக் கைமாற்றிக் கொடுக்கும் வேலையோடு புறப்பட்ட கப்பல்தான். இவையெல்லாம் நமக்குச் சுவையான தொடர்புகள். ஆனால் அத்தீவில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள் சோழரும் அல்லர், டேனியரும் அல்லர். தேடல் அவர்களுடைய வீட்டு வாசலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இவ்வளவு பெரிய காட்டை நடந்து பார்ப்பது நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். அளவைக்காரன் என்ற முறையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 130 சதுர கிலோமீட்டரை இருபது மீட்டர் இடைவெளியில் நடந்தால் மொத்த நடை 6,500 கிலோமீட்டர். அடர்காட்டில் வழி திறந்து, பார்த்து, குறித்துக்கொண்டு ஒருவர் ஒரு நாளில் இரண்டு கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் பத்து கிலோமீட்டர். பத்துக் குழுக்களுக்கு நூறு. ஆக அறுபத்தைந்து வேலை நாட்கள். மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான ஒரே பருவத்தில் முடித்துவிடலாம். இது முழுப் பரப்பையும் ஒன்று விடாமல் நடக்கும் கணக்கு. உண்மையில் செங்குத்தான சரிவுகளில் மாதிரிக்குச் சில கோடுகள் போதும் என்பதால் நாள் இன்னும் குறையும். சமதளங்களிலும் ஓடை முகங்களிலும் இருபத்தைந்து மீட்டருக்கு ஒன்றாக அரை மீட்டர் சதுரக் குழி போட்டு, மனிதத் தடமே இல்லாத கன்னி மண் வரை இறங்கி, எடுத்த மண்ணைச் சலிக்கும் வேலைக்கு இன்னொரு பருவம் வேண்டியிருக்கும். ஈரக் களிமண் சல்லடையில் இறங்காது. ஓடைத் தண்ணீரை ஊற்றிக் கழுவித்தான் சலிக்க வேண்டும் என்பதால் அந்த வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஒன்றும் கிடைக்காத குழியையும் படத்தில் குறிக்க வேண்டும். திட்டமோ 30 ஆண்டுகளில் கட்டம் கட்டமாக முடிக்க வகுக்கப்பட்டது. அதில் இரண்டு கோடைக்கு இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

லைடார் இருக்கும்போது நடை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளை இறக்கி, இலை இடுக்குகள் வழியாகத் தரையைத் தொட்டுத் திரும்புபவற்றை மட்டும் பிரித்து, காடில்லாத தரையின் உருவத்தை வரையும் முறை அது. 2009இல் பெலீஸ் நாட்டின் கரகோலிலும் 2012இல் கம்போடியாவின் அங்கோரிலும் அது காட்டுக்கடியில் இருந்த கரைகள், வாய்க்கால்கள், மேடைகள் எல்லாவற்றையும் கண்முன் நிறுத்தியது. பெரிய நிக்கோபாரிலும் முதலில் அதைச் செய்யட்டும். எங்கே நடப்பது என்று அது சொல்லும். ஆனால் கல்லும் கரையும் எழுப்பிய நாகரிகங்களுக்குத்தான் அது கண் கண்ட தெய்வம். மார்பளவு உயரமுள்ள மேடு சிப்பியா, பறவை கட்டியதா, சாய்ந்த மரத்தின் வேர்மண்ணா என்று ஆகாயத்திலிருந்து அதனால் சொல்ல முடியாது.

ஆய்வாளர்களுக்கும் வரம்பு உண்டு. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்கீழ் அத்தீவின் பெரும்பகுதி ஒதுக்கப்பட்ட நிலம். 2011 கணக்கெடுப்பில் 229 பேர் என்று குறிக்கப்பட்ட ஷோம்பென் மக்களிடம் வெளியாள் கொண்டு செல்லும் சாதாரணச் சளிக்காய்ச்சலே ஆபத்தாக முடியலாம். அவர்கள் நடமாடும் பகுதிக்குள் தொல்லியலின் பெயரைச் சொல்லியும் யாரும் நுழையக் கூடாது. பானையோட்டைவிட மனிதர் பெரிது. சுனாமிக்குப் பின் சொந்த ஊர்களிலிருந்து கேம்ப்பெல் பே அருகே ராஜீவ் நகருக்கும் புதுச் சிங்கெனுக்கும் கொண்டுவரப்பட்ட நிக்கோபாரிகளின் பழங்குடி மன்றத்திடம் முன்கூட்டியே பேசி, அவர்களில் மூத்தவர்களைக் குழுவில் சேர்த்துக்கொள்வதுதான் முறை. அவர்களின் முன்னோர் புதைந்திருக்கும் இடங்களைக் குழி போடும் பட்டியலிலிருந்து அவர்களே எடுத்துவிடட்டும்.

1989இல் கண்ட அந்த மேட்டின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அதன் இடத்தை நான் அளந்து, புலப்படத்தின் குறிப்புப் பத்தியில் எழுதிக் கொடுத்தேன். சுத்தப்படி வரைந்தபோது அந்தக் குறிப்பு விட்டுப்போயிற்று. கிணற்றுக்கும் கோயிலுக்கும் குறியீடு உண்டு, சிப்பி மேட்டுக்கு இல்லை. சுத்தப்படியை நானே சரிபார்த்துக் கையெழுத்திட்டேன் என்பதால் வேறு யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்பது ஆண்டு கழித்து அதே ஓடைக்குச் சாலை அளக்கப் போனேன். மேடு இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. பள்ளமான பாதையை நிரப்ப ஒப்பந்தக்காரர் ஒருவர் லாரியில் அள்ளிப் போயிருந்தார். நல்ல கெட்டியான நிரப்புமண், தண்ணீர் தேங்காது என்று மேஸ்திரி பாராட்டிச் சொன்னார். சாலையில் கால் கிலோமீட்டர் தூரத்துக்கு நுனி உடைந்த நத்தை ஓடுகள் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. எந்தச் சட்டமும் மீறப்படவில்லை.

அலுவலகப் படத்தில் இல்லாவிட்டாலும், என் சொந்தக் குறிப்பேட்டில் அந்தப் பன்னிரண்டு நாட்களின் திசைக்கோணங்களும் சங்கிலி அளவுகளும் பென்சிலில் அப்படியே இருக்கின்றன. மொத்தம் மூன்று மேடுகள். ஒன்று சாலைக்குள் போய்விட்டது. மற்ற இரண்டும் ஓடையின் மறுகரையில், சாலை போகாத பக்கம் இருந்தன. தெற்கு அந்தமானிலோ பெரிய நிக்கோபாரிலோ நடந்து பார்க்கப் புறப்படும் எந்தக் குழு கேட்டாலும் பக்கங்களைப் படியெடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். இடத்தின் துல்லிய அளவுகளைப் பத்திரிகையில் வெளியிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
நாகப்பட்டினம்.